துப்பாக்கிக்கும் ஜாதி உண்டோ?

கையிலுள்ள பொருளைக் கண்டு ஆளை மதிப்பிடும் வழக்கம் நம்மவரிடை நெடுங்காலமாக உள்ளது. ஏட்டைப் பிடித்தவன் அறிவாளி, ஏரைப் பிடித்தவன் பாமரன், துடைப்பத்தைப் பிடித்தவன் தாழ்ந்தவன் என்பது அவ்வழக்கம். துப்பாக்கி விஷயத்தில் மாத்திரம் இது தலைகீழாக நடைபெறுகின்றது. இங்கே ஆளைக் கண்டே பொருளை மதிப்பிடுகின்றனர். துப்பாக்கி துரையின் இடுப்பில் தொங்கினால் அது பாதுகாப்பு. போலீசாரின் தோளில் கிடந்தால் சட்டம். சீக்கியர், கூர்க்கர் கையில் இருந்தால் வீரம். தோட்டத்துத் தமிழன் கையில் இருந்தாலோ, "எந்தக் கும்பல்?" என்பதே முதற் கேள்வி.

நாம் துப்பாக்கியின் புகழ் பாட முன்வரவில்லை. இந்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அனுமதிச்சீட்டின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. 1971-இல் வந்த தண்டனைச் சட்டமோ இன்னும் கடுமையானது. சீட்டின்றி வைத்திருந்த குற்றத்திற்கே 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கொள்ளை, ஆட்கடத்தல் போன்ற குற்றங்களைச் செய்கையில் சுட்டவனுக்குத் தூக்குத்தான் என்றிருந்தது. 2023-இல்தான் அத்தண்டனை கட்டாயம் என்னும் நிலை நீங்கி, நீதிபதியின் யோசனைக்கு விடப்பட்டது. சட்டம் இறுக்கமாக இருத்தல் நன்றென்பதே நம் அபிப்பிராயம். ஆயின், அச்சட்டமே ஒருவனை விசாரித்து, இவன் தகுதியுடையவன் என்று சீட்டுக் கொடுத்த பின்னரும், ஊரார் வேறொரு நீதிமன்றம் கூட்டி அவனுக்குத் தீர்ப்புச் சொல்லுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

நம் தோட்டம் கிள்ளானுக்கு அப்பால் உள்ளது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து நெடுங்காலம் ஆயிற்று. மறுநடவு செய்த நிலத்தில் காட்டுப்பன்றிகள் புகுந்தால், ஓர் இரவிற்குள் வரிசை வரிசையாகக் கன்றுகளின் அடியைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிடும். விடிந்ததும் பார்த்தால், பிள்ளைகள் விளையாடிக் கலைத்த கோலம் போலக் கிடக்கும். இதற்கென்றே தோட்டத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். முறையாகச் சீட்டுப் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. பன்றி சுடுவதற்கு வனவிலங்குத் துறையின் சீட்டு வேறு. இவற்றிற்குரிய படிவங்களை நிரப்பிக் கொடுப்பது கிராணி வேலையில் நம் தலையில் விழுந்த பொறுப்பாகையால், அவர் கணக்கு நமக்கு மனப்பாடம். வாங்கிய தோட்டா எத்தனை, சுட்டது எத்தனை, மீந்தது எத்தனை என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் குறித்து வருவார். தோட்ட ஆபீசில் மண்ணெண்ணெய்க் கணக்குக்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. துப்பாக்கி இரும்புப் பெட்டியில். பெட்டிச் சாவி அவர் அரைஞாணில். ஒரு தடவையேனும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் வந்தவரல்லர். பன்றி விழுந்த அன்று லயத்தில் பல வீடுகளுக்கும் ஒரு பங்கு போகும். அவ்வளவே அவருடைய ஆர்ப்பாட்டம்.

இப்பெரியவரின் பேத்திக்குப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் படித்தவள், உத்தியோகத்தில் இருப்பவள். பையனின் தகப்பனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்தார்கள், பிடித்திருந்தது, நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பொழுது யாரோ, "பெண்ணின் தாத்தா வீட்டில் துப்பாக்கி இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு நின்றது. நடுவில் நின்றவர் நம்மிடம் வந்து, "எந்தக் கும்பலோ, என்ன வழக்கோ என்று பெண்பிள்ளைகள் பயப்படுகிறார்கள், அண்ணே" என்றார். நாம் சீட்டின் நகலை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கே போனோம். தகப்பனார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதனை இரு பக்கமும் வாசித்தார். திருப்பிக் கொடுக்கையில், "சீட்டு சரியாகத்தான் இருக்கு, தம்பி. ஆனாலும் தோட்டத்து ஆளாச்சே" என்றார். அவருக்குப் பின்னால், சுவரில், இராணுவ உடுப்பில் நேதாஜியின் படம் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

சம்பந்தம் முறிந்தது. பெரியவர் நம்மிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். இப்பொழுது பன்றி சுடுவதற்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருகின்றனர். பெரிய காரில் வருகின்றனர். தொப்பியும் பூட்ஸும் அணிந்திருக்கின்றனர். அவர்களை எந்தக் கும்பல் என்று லயத்தில் எவரும் கேட்பதில்லை. பொழுதுபோக்குக்கு வேட்டையாடும் பெரிய மனிதர்கள் என்று மரியாதையாக வழி விடுகின்றனர்.

இனி, "தோட்டத்து ஆள்" என்றால் ஆபத்தானவன் என்னும் எண்ணம் எப்பொழுது முளைத்தது என்று பார்த்தால், வேடிக்கையாக இருக்கின்றது. ஏனெனில் ஆதியில் நம்மவரைப் பற்றி வழங்கிய பேச்சு இதற்கு நேர் விரோதமானது. தமிழன் சாது, அடித்தாலும் எதிர்த்து நில்லான், ஆகவே ரப்பர்த் தோட்டத்திற்கு ஏற்றவன் என்பதே துரைமாரின் கணிப்பு. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியன் சீட்டின்றி ஆயுதம் வைத்திருத்தல் கூடாது என்றது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. குடகருக்கும் தனி விலக்கு இருந்தது. சுதந்திர இந்தியாவிலும் அது தொடர்ந்து, 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. எவன் ஆயுதம் தொடலாம், எவன் தொடக்கூடாது என்பதைப் பிறப்பினால் தீர்மானிப்பது மனுதர்மத்தின் வேலையென்றால், இதற்கு வேறு என்ன பெயரிடுவது? பட்டாளத்திலும் இதே கதைதான். 1758-இல் தொடங்கிய மதராஸ் காலாட்படை, இந்திய இராணுவத்தில் மிகப் பழமையான காலாட்படைகளுள் ஒன்று. 1881 முதல் மதராஸ் படைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் துரை, தென்னாட்டார் போருக்கு உதவார் என்னும் கொள்கையினர். வடக்கே 'வீர ஜாதிகள்' என்று ஒரு ஜாபிதா எழுதப்பட்டது. அதில் நமக்கு இடமில்லை. மதராஸ் பட்டாளங்கள் சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டு, 1920-களில் எஞ்சியவையும் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும், உதவாதவர்கள் திடீரென்று உதவுபவர்களானார்கள்!

இந்தச் 'சாது'த் தமிழர்தாம் 1941-இல் நம் கிள்ளான் வட்டாரத்தில் வேலை நிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு ஆகியவை அவர்கள் கேட்டவை. துரையையும் ஆபீஸ் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. ஆபீஸ் உத்தியோகஸ்தர் என்றால் நம் போன்ற கிராணிமார்தாம். இதை வாசிக்கும் கிராணி நண்பர்கள் சற்று நிதானித்து வாசிப்பார்களாக. தலைவர் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். கலகம் என்று சொல்லி இராணுவம் வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு மாண்டனர். அன்று துப்பாக்கி முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தது. ஆயினும் சர்க்கார் பேச்சில் 'கலகக்காரர்' ஆனவர்கள் வெறுங்கையோடு நின்றவர்களே.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். மலாயாத் தோட்டங்களிலிருந்து பால் வெட்டும் பெண்களும், பட்டணங்களிலிருந்து படித்த பெண்களும் அதிற் சேர்ந்து, துப்பாக்கி பிடித்துப் பயிற்சி பெற்றனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி என்னும் வசதியான வீட்டுப் பெண்ணும் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்த அம்மையார் அவரே. 2000-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்திற்கு மாலை போடுகிறவர்கள், அப்படத்தின் பின்னே தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கியோடு நின்றிருந்தார்கள் என்பதை நினைப்பதில்லை. நினைத்தால், "தோட்டத்து ஆளாச்சே" என்னும் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அடுத்து வந்தது 1948-ஆம் ஆண்டின் அவசரகாலம். சுங்கை சிப்புட்டில் துரைமார் மூவர் கொல்லப்பட்டதும், ஜூன் மாதத்தில் அது பிரகடனமாயிற்று. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பவனுக்கு மரணம் என்று விதி வந்தது. துரைமார் இடுப்பில் ரிவால்வருடனும், இரும்புத் தகடு பொருத்திய காருடனும் தோட்டம் சுற்றினர். அக்காலத்துப் புகைப்படங்களை இன்றும் காணலாம். அவர்கள் உயிருக்கு ஆபத்து இருந்தது மெய்; காவல் வேண்டியிருந்ததும் மெய். ஆனால் அதே காலத்தில், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்டார். அவர் ஒருவரைச் சுட்டார் என்பதன்று குற்றச்சாட்டு, வைத்திருந்தார் என்பதே. இந்திய சர்க்கார் கருணை காட்டும்படி முறையிட்டது. பயனில்லை. 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அச்சிறையை இடித்துவிட்டனர், அவ்விடத்தில் இன்று பெரிய அங்காடி மாளிகை நிற்கின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர் குடும்பத்தோடு போய் வருகின்றனர். கணபதியின் அரசியலை ஒப்புவதும் மறுப்பதும் வேறு விஷயம். ஒரே பொருள் ஓர் இடுப்பில் தற்காப்பாகவும், மற்றோர் இடுப்பில் தூக்குக் கயிறாகவும் ஆன விதத்தையே இங்கே குறிக்கின்றோம்.

சாது என்ற பட்டம் போய், குண்டன் என்ற பட்டம் வந்தது பிந்திய கதை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட, வேலையும் வீடும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் ஒதுங்கின. அவ்வோரங்களில் சில பிள்ளைகள் கும்பல்களில் சேர்ந்தது உண்மை. அதை மறைப்பது நமக்கு அழகன்று. பெந்தோங் காளி என்று பேர் பெற்றவன் 1993-இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் பேரைச் சொல்லித் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை அன்றோடு மடியவில்லை. 2013-இல் உள்துறை அமைச்சு, நாட்டில் சுமார் 40,000 பேர் கும்பல்களில் உள்ளனர், அவருள் ஏறத்தாழ 29,000 பேர் இந்தியர் என்று வெளியிட்டது. பத்திரிகைகளில் 'நூற்றுக்கு எழுபது' என்று பெரிய எழுத்தில் வந்தது. கணக்கைச் சற்று வேறு விதமாகப் போட்டுப் பார்ப்போம். அக்காலத்தில் இந்நாட்டு இந்தியர் சுமார் 19 இலட்சம். கும்பலில் உள்ளவர் அவர்களுள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நூற்றுக்கு எழுபது என்பது கும்பலைப் பற்றிய கணக்கு. அதை எடுத்துச் சமூகத்தின் நெற்றியில் ஒட்டியதில்தான் மோசம். கும்பலில் உள்ளவனெல்லாம் துப்பாக்கி வைத்திருப்பவனும் அல்லன். சீட்டோடு துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் கும்பலுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆயுத உரிமை கேட்பவர்களைப் பற்றியும் இவ்வாறே. அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பேசுகிறவன் என்றால், முரட்டு வெள்ளைக்காரன் ஒருவனே நம் கண்முன் வருகிறான். அங்கே 1967-இல் கறுப்பர் இயக்கத்தார் துப்பாக்கியோடு கலிபோர்னியாச் சட்டசபைக்குள் நுழைந்தபொழுது, நிறைந்த தோட்டாவோடு பொதுவிடத்தில் துப்பாக்கி ஏந்தலாகாது என்று அவ்வாண்டே சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் கவர்னர் ரீகன். 2010-இல் சிக்காகோ நகரத்தின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வென்ற ஓட்டிஸ் மெக்டொனால்டும் முதிய கறுப்பர்தாம். திருடர் பலமுறை புகுந்த தம் வீட்டைக் காக்கவே அவர் வழக்காடினார். அவர் வாதம் நமக்கு முழுதும் உடன்பாடன்று. இந்நாட்டிற்கு அது ஒவ்வாது என்றே கருதுகின்றோம். ஆனால் அவருக்குப் பதில் சொல்ல விரும்புவோர், முதலில் அவர் யாரென்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நம் தோட்டத்துப் பையன் ஒருவன் கிள்ளானில் ஒரு பாங்கில் காவற்காரனாக இருக்கிறான். பகலெல்லாம் நீண்ட துப்பாக்கியோடு வாசலில் நிற்கிறான். பணம் எடுக்க வரும் கிழவிகள் அவனிடம் இயந்திரத்தை இயக்கித் தரச் சொல்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். மாலையில் துப்பாக்கியைக் கம்பெனியில் ஒப்படைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு, வெறுங்கையோடு மோட்டார் சைக்கிளில் திரும்புகையில், சாலைத் தடுப்பில் அவனை நிறுத்திச் சோதிக்கிறார்கள். ஒரு மாதத்தில் நான்கு முறை அவ்விதம் நேர்ந்ததாம். இப்பொழுதெல்லாம் அவன் சீருடையைக் கழற்றாமலே வீட்டுக்கு வருகிறான்.