வீட்டில் புலி, மேடையில் ஈ!

நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயின்ட் அடிக்கிறார் அந்த நண்பர். மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் மனுஷன் கிடாரிஸ்ட்! சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு என்று மெல்லிசைக் கச்சேரிக்கு ஓடுவார்.

போன வருஷம் ஒருநாள் போன். குரலே சரியில்லை.

"ஏனுங்ணா, கிடாரே வேண்டாம், கீபோர்டுலயே வாசிச்சுக்கலாம்னு ட்ரூப்புல பேசிக்கிறாங்க. எம்பட மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி மட்டமுங்க. வட்டிக்கு வாங்கி நாப்பதாயிரத்துக்கு ஒண்ணு எடுத்துரட்டுங்களா?"

நான் பி.காம். படித்தவன். வட்டி என்றதும் உஷாராகிவிட்டேன். "இருங்க, வந்து கேக்கறேன்" என்றேன்.

டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே... கிடாரின் குரலை மாற்ற ஒரு காலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வாங்க வேண்டும். 1990-களில் ஜூம் 505 மாதிரி எல்லாம் சேர்ந்த சின்னப் பெட்டிகள் வந்த பிறகுதான் நம்ம ஊர் கிடாரிஸ்ட்டுகளுக்குக் கட்டுப்படியானது. நண்பரிடம் இருப்பதும் அந்த ஜாதிதான்.

வீட்டில் குட்டி ஆம்ப்ளிஃபயரில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் வாசித்துக் காட்டினார். புலி! அன்று சாயங்காலம் மேடையில் வயரை நேராக மிக்ஸரில் செருகி வாசித்தார். ஈ மொய்க்கிற சத்தம்!

மைக் செட் பெரியவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கண்ணு, அந்த 'கேபினெட்'ட எதுக்கு ஆஃப் பண்ணி வெச்சிருக்கே?"

விஷயம் இதுதான். கிடார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர், காதைக் குத்தும் கீச்சொலியைத் தானே விழுங்கிவிடும். கச்சேரி பாக்ஸ் விழுங்காது, அப்படியே துப்பும். அதனால் மிக்ஸருக்கு நேராகப் போகும்போது, ஸ்பீக்கர் மாதிரி நடிக்கும் 'கேபினெட்' பகுதி ஆனில் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்குப் போனால் ஆஃப்.

இன்னொரு வில்லன் நம் காது! சத்தம் குறைந்தால் பேஸும் ட்ரெபிளும் காதுக்குக் கம்மியாகக் கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். நண்பர் வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்டு, பேஸ், ட்ரெபிள் இரண்டையும் ஏற்றி, நடுவில் உள்ள 'மிட்'டை இறக்கியிருந்தார். கிடார் குடியிருப்பதே அந்த நடுவில்தான் சார்! கீழே பேஸ் கிடாரும் டிரம்ஸும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இவர் தெருவில் நின்றார்.

பெரியவர் சொல்லச் சொல்ல நண்பர் திருகினார். கேபினெட் ஆன். டிஸ்டார்ஷனின் 'கெய்ன்' பாதி. பேஸ் இறங்கியது, மிட் ஏறியது. டிலே, ரிவர்ப் பேருக்கு மட்டும். கோயில் மைதானமே எதிரொலிக்கும்போது பெட்டி வேறு எதற்கு எதிரொலிக்கணும்? லீட் வாசிக்கிற செட்டிங்குக்கு மட்டும் வால்யூம் ஒரு பிடி கூடுதல். எல்லாம் டிரம்ஸ் அடிக்கும்போதே, கச்சேரி சத்தத்திலேயே கேட்டுக் கேட்டு வைத்தது. தனியாக வாசித்தால் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. கூட்டத்தோடு சேர்ந்ததும் பளிச்!

ராத்திரி 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படப்பாட்டு. டிஸ்டார்ஷன் இல்லை, லேசாகக் கோரஸ் மட்டும். கிடார் ஆரம்பித்ததும் கீபோர்டுக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதை நண்பரும் பார்த்தார்.

மறுநாள் போன். "அண்ணா, அடுத்த கச்சேரிக்குத் தேதி சொல்லிட்டாங்க!"

வட்டிக்கடன் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.