மாமாவும் மஞ்சள் சட்டையும்

மன்றத்து மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அவரை ஏமாற்றுகிறேன். நான் எழுதப் போவது கால்பந்தைப் பற்றி. அதிலும், ஆட்டம் பார்க்கப் போகாமலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

தம்பானூரை நம்மில் அறியாதார் யார்? நாகர்கோவில் பக்கத்திலிருந்து பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கும் நமக்கெல்லாம் அதுதானே தலைவாசல்! ஒருபுறம் இரயில் நிலையம். எதிர்ப்புறம் பேருந்து நிலையம். அதன் பக்கத்தில் லாரி பேக்கர் செங்கல்லால் கட்டிய காபி ஹவுஸ். அந்தக் கட்டடத்தில் மாடி என்று ஒன்று இல்லை. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டு போகும். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் ஒருவன் நமக்குச் சற்று மேலே இருப்பான். ஒருவன் சற்றுக் கீழே இருப்பான். உலகத்தின் இலக்கணம் அதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

என் தாய்மாமன் தம்பானூரில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறார். எங்கள் ஊர் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் நாள்; ஆனால் எங்கள் ஊரார் பிழைப்புக்கு இங்கே வருவது அன்றோடு நிற்கவில்லை. மாமாவும் அப்படி வந்தவர். மலையாளிகள் எல்லாரும் அவரை ‘அண்ணா’ என்றே அழைப்பார்கள். இந்நகரத்துப் பேச்சில் அது இயல்பு. காலணாக் கணக்குப் பிசகினாலும் இரவு முழுதும் உறங்காத அந்த மனிதர், கணக்கே பார்க்காத இடம் ஒன்று உண்டு. அது கால்பந்து.

என்னை முதன்முதலில் பந்தாட்டத்துக்கு அழைத்துப் போனவர் அவர்தாம். 2016 டிசம்பர் 18. கொச்சி கலூர் அரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும் கொல்கத்தா அணிக்கும் இறுதியாட்டம். எனக்கு வயது 12. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே மஞ்சளாக நின்றார்கள். எனக்கும் ஒரு மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டிருந்தார் மாமா. முழங்கால் வரை தொங்கியது. முகம்மது ராஃபி தலையால் முட்டி முதல் கோல் போட்டபோது, மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எழுப்பிய கூச்சல் இன்றும் காதில் இருக்கிறது. பிறகு அவர்கள் ஒன்று போட்டார்கள்; 1–1. கடைசியில் பெனால்டி உதையில் 4–3 என்று தோற்றோம். திரும்பும் இரயிலில் ஒருவரும் பேசவில்லை. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மக்கா” என்றார் மாமா, கொல்லம் வந்தபோது.

அடுத்த வருடமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோதே பிறந்த அணி அது. உரிமையாளர்களில் ஒருவராகச் சச்சின் டெண்டுல்கர் இருந்தார். அணியின் பெயரே அவருடைய பட்டப்பெயரிலிருந்து வந்ததுதான். 2018-ல் அவர் தம் பங்கை விட்டு விலகினார். மூன்று முறை இறுதியாட்டம் வரை போயிற்று: 2014, 2016, 2022. மூன்றிலும் தோல்வி. 2022 மார்ச்சில் கோவாவில் ஐதராபாத்திடம் தோற்ற ஆட்டத்துக்கு இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள். மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட இரண்டு இளைஞர்கள் காசர்கோட்டுப் பக்கம் விபத்தில் மாண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள்முதல், ‘வெறும் விளையாட்டுத்தானே’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பதில் வருவதில்லை.

தோல்விக்காக எவரும் அணியை வெறுத்ததில்லை. மக்கள் மனம் கசந்தது வேறொன்றால். அந்த 2022 அணியின் முன்வரிசை வீரர்கள் இருவர், வாஸ்கெஸும் பெரேய்ரா தியாஸும், அதே ஆண்டில் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். 2023-ல் நம் மலையாளச் செல்வன் சகல் அப்துல் சமது மோகன் பாகானுக்குப் போனார். 2023-24 பருவத்தில் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி பெற்ற தியமந்தகோஸும், நடுக்களத்து ஜீக்சன் சிங்கும் 2024 கோடையில் ஈஸ்ட் பெங்கால் சேர்ந்தார்கள். மக்கள் உயிராக நேசித்த பயிற்சியாளர் வுகோமனோவிச்சும் அதே ஏப்ரலில் விடைபெற்றார். விளைந்ததையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு விதைநெல்லும் வாங்காத பண்ணையார் போல நடக்கிறார்களே என்பதுதான் இரசிகர்களின் முறையீடு. உடைமையாளர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. இந்நாட்டில் கால்பந்துக் கழகம் நடத்தி இலாபம் கண்டவர் அரிது. ஆனால் இலாபமில்லாத கடையில் ஆண்டுதோறும் வந்து வரிசையில் நிற்பவனுக்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டாவா?

2024 டிசம்பரில் பொறுமை முறிந்தது. பன்னிரண்டு ஆட்டத்தில் மூன்றே வெற்றி, இரண்டு சமன், ஏழு தோல்வி. இரசிகர்களின் பெரும்படையான ‘மஞ்ஞப்பட’, இனிச் சீட்டு விற்பனையில் பங்கு கொள்வதில்லை, எதிர்ப்பைக் காட்டுவோம் என்று அறிவித்தது. டிசம்பர் 16-ல் சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் ஸ்தாரே நீக்கப்பட்டார். “மரம் பட்டுப்போனால் குருவியையா விரட்டுவது?” என்று கேட்டான் என் அறைத்தோழன். அவன் மலப்புரத்தான், அங்கே குழந்தைகள் நடப்பதற்கு முன் உதைக்கப் பழகுவார்கள்.

மாமாவோ அந்த 22-ஆம் தேதி முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆட்டத்துக்கு எப்போதோ இரண்டு சீட்டு எடுத்து வைத்திருந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

காரியவட்டம் விடுதியில் முந்திய இரவு முழுதும் எங்களுக்குள் வாதம். அறைத்தோழன் உலகத்தையே துணைக்கு அழைத்தான். இங்கிலாந்தில் பிளாக்பூல் நகரத்து இரசிகர்கள், உரிமையாளர் போகும்வரை ஆடுகளத்தில் கால் வைப்பதில்லை என்று ஆண்டுக்கணக்கில் வெளியே நின்றார்களாம். அவர் கையைவிட்டுக் கழகம் போன பிறகே, 2019 மார்ச்சில், திரும்ப உள்ளே வந்து அழுதார்களாம். ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதியாம். அவ்வளவு தூரம் போவானேன், கொல்கத்தாவைப் பார் என்றான். மோகன் பாகான் பெயருக்கு முன்னே ‘ஏ.டி.கே.’ என்று ஒட்டியதை 2020 முதல் மூன்றாண்டு எதிர்த்தே அந்த மக்கள் நீக்க வைத்தார்கள். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற இரவில் உரிமையாளரே அதை அறிவித்தார். “நீ நாளைக்குப் போய் உட்கார்ந்தால், மூவாயிரம் பேர் வெளியே நிற்பதற்கு என்ன பொருள்?” என்றான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. விடியற்காலையில் தம்பானூருக்குப் பேருந்து ஏறினேன்.

காபி ஹவுஸில் மாமா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். விசிறித் தலைப்பாகைக்காரர் இரண்டு காபி வைத்துவிட்டுப் போனார். மாமா உடுத்தியிருந்தது மஞ்சள் சட்டை. நான் உடுத்தியிருந்தது வெள்ளை. அதை அவர் பார்த்துவிட்டார். நான் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. ஆயினும் சொன்னேன். பிளாக்பூலையும் ஜெர்மனியையும் அவர்முன் விரித்தேன். காபி ஆறும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ சொல்லுகது சரிதான் மக்கா. ஆனா நான் ஒண்ணு பாத்திருக்கேன்.”

எஃப்.சி. கொச்சின் என்ற கழகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1997-ல் தோன்றியது, அந்த ஆண்டே மோகன் பாகானை வென்று டூரண்டு கோப்பையைக் கொண்டுவந்தது. கேரளத்துக் கழகம் ஒன்று அதை வென்றது அதுவே முதன்முறை. ஐ.எம். விஜயன் ஆடினார், ஜோ பால் அஞ்சேரி ஆடினார். நம் தமிழ்நாட்டு இராமன் விஜயன் அடுத்த தேசிய லீகில் 10 கோல் போட்டு முதல்வராக நின்றார். ஐந்தே ஆண்டு. பணம் வற்றியது, ஆட்டக்காரருக்குச் சம்பளம் நின்றது, 2002-ல் கதை முடிந்தது.

“கடைசி வருஷம் எனக்குக் கோவம். நானும் போகாம இருந்தேன். முதலாளி திருந்தட்டும்னு இருந்தேன். முதலாளி திருந்தல, கிளப்புதான் செத்துச்சு. நான் போயிருந்தா பிழைச்சிருக்குமான்னு கேட்டா, இல்லதான். ஆனா சாகும்போது நான் பக்கத்துல இல்ல.”

நான் என்ன சொல்வேன்? ‘மாமா, அது வேறு, இது வேறு’ என்று சொல்ல நாவெடுத்தேன், சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அப்போது என்னைத் தடுத்தது கொள்கை மட்டுமன்று. மஞ்சள் சட்டையோடு விடுதிக்குத் திரும்பினால் அறைத்தோழன் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற வெட்கமும் அதில் பாதி. எவ்வளவு கொள்கை, எவ்வளவு வெட்கம் என்று பிரித்துக் கணக்கெழுத மாமாவுக்குத்தான் வரும், எனக்கு வராது.

அவர் வற்புறுத்தவில்லை. காபிக்குக் காசை வைத்தார். சாய்தளத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து, இரயில் நிலையத்துக்குள் போனார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், முதுகில் ஒரு பெரிய மஞ்சள் யானையோடு, கூட்டத்தில் தனியாகப் போவதைப் பேருந்து நிலையத்து வாசலில் நின்று பார்த்தேன்.

அன்றிரவு விடுதியில் நாங்கள் கைப்பேசியில் ஆட்டம் பார்த்தோம். (பார்க்காமலிருப்பதும் எதிர்ப்பில் சேருமா என்று ஒரு சிறு சர்ச்சை நடந்தது, சேராது என்று ஒருமனதாக முடிவாயிற்று!) முதற்பாதியில் கோல் இல்லை. பின்பு எதிரணிக் கோல்காவலரே தம் வலைக்குள் பந்தைத் தள்ளிவிட்டார். மேலும் இரண்டு வந்தன. 3–0 என்று வென்றோம். அறைத்தோழன் கட்டிலிலிருந்து குதித்தான். பிறகு ஏதோ தவறு செய்தவன்போல மெல்ல உட்கார்ந்தான். திரை அரங்கத்தைக் காட்டியபோதெல்லாம் நான் ஆட்டக்காரரைப் பார்க்கவில்லை. வெறிச்சோடிய இருக்கைகளுக்கு நடுவே மாமாவைத் தேடினேன்.

மறுநாள் விடியலில் மீண்டும் தம்பானூருக்குப் போனேன். மூன்றாம் நடைமேடையில் இறங்கி வந்தார். தொண்டை கட்டியிருந்தது.

“உன் இடத்துல துண்டு போட்டு வச்சிருந்தேன்” என்றார். “ஒருத்தன் வந்து கேட்டான். ஆளு வருதுன்னு சொல்லிட்டேன்.”

“வெளியே நின்றார்களா மாமா?”

“நின்னாங்க. நம்ம பிள்ளைகதான். போகும்போது அவங்ககிட்டயும் கொஞ்ச நேரம் நின்னேன்.”

அந்தப் பருவத்தை அணி எட்டாம் இடத்தில் முடித்தது. அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்துக்கும் மாமா சீட்டெடுக்கவில்லை. என்னையும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அன்று காலை மட்டும், காபி ஹவுஸ் திறக்கும் வரை நாங்கள் இருவரும் அதன் படியில் உட்கார்ந்திருந்தோம். அவர் மூன்று கோலையும் முதலிலிருந்து சொன்னார். எல்லாம் பார்த்தவன்தான் நான். ஆனாலும் பார்க்காதவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.