இருபது நிமிடத் தண்ணீர்

பாரிசில் நாங்கள் வேலை செய்யும் குசினி நிலத்துக்குக் கீழே இருக்கிறது. பதினொரு படி இறங்கவேண்டும். வெளியில் மழையா வெயிலா என்பதை மேலேயிருந்து கோப்பைகளோடு வருகிறவர்கள் சொன்னால்தான் தெரியும். நாங்கள் நாலு தமிழர். ஐந்தாவதாக வந்து சேர்ந்தவன் ஒரு வங்காளதேசப் பெடியன். இருபத்திரண்டு வயதிருக்கும். விசா இல்லை. பிரெஞ்சில் 'வீ செவ்' மட்டும் தெரியும்.

கடைசியாக வந்தவனுக்குத்தான் போறணை கழுவும் வேலை. யாரும் எழுதிவைத்த சட்டமல்ல. எங்களுக்கு முன்னிருந்தவர்கள் எங்கள் தலையில் கட்டியதை நாங்கள் அவன் தலையில் கட்டினோம். கஷ்டப்பட்டவர்களுக்கு இரக்கம் தானாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதேயுங்கள்.

போறணைக்கு அடிக்கிற நுரையில் சோடியம் ஐதரொட்சைட்டு இருக்கிறது. தகரத்தில் பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. கையை அரிப்பதுபோல ஒரு படமும் உண்டு. எங்களில் ஒருவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, இரண்டாம் வருடத்தோடு 2013 இல் வெளிக்கிட்டு வந்தவன். அங்கே ஆய்வுகூடத்தில் கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் தொட்டால் பேச்சு விழும். எங்கள் குசினியிலும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. அதை நாங்கள் வெங்காயம் வெட்டும்போது போட்டுக்கொண்டோம். போட்டுக்கொண்டு ஆளையாள் பார்த்துச் சிரித்தோம்.

ஒரு சனி இரவு. சூடு ஆறாத போறணையின் மேற்தட்டுக்கு அவன் அண்ணாந்தபடி அடித்தான். நுரை வழிந்து வலது கண்ணில் விழுந்தது. அவன் கத்திய சத்தத்தில் மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒருகணம் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக் கசக்கினான். ஒருவர் பால் எடுக்க ஓடினார். இன்னொருவர் காரத்துக்குப் புளிப்பு என்று வினாகிரிப் போத்தலைத் தூக்கினார்.

"அண்ணை, அதை வையுங்கோ! தண்ணி, தண்ணி மட்டும்!" என்று இரசாயனக்காரன் கத்தினான்.

ஊரில் கண்ணில் தூசி விழுந்தால் அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி ஒத்திவிடுவா. தூசிக்கு அது ஆறுதல். காரம் வேறு சாமான். போறணையில் பிடித்த கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக் கரைப்பதுபோலவே கண்ணின் கலமென்சவ்விலுள்ள கொழுப்பையும் கரைத்து உள்ளே போகும். அமிலம் பெரும்பாலும் மேலே புரதத்தைத் திரைய வைத்து, அந்தத் திரையே தனக்குத் தடையாகிவிடும். காரத்துக்கு அப்படித் தடை இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்பு அந்த இடத்திலேயே கழுவவேண்டும். குறைந்தது இருபது நிமிடம்.

ஆனால் கண் திறக்காது. எரிகிற கண்ணைத் தானே திறந்துவைக்க எவராலும் இலேசில் முடியாது. இமை இறுகிப் பூட்டிக்கொள்ளும். வேறொருவர்தான் திறந்து பிடிக்கவேண்டும். ஒருவர் அவனுடைய கைகளைப் பிடித்தார். ஒருவர் தலையை வலப்பக்கம் சரித்துப் பிடித்தார், கழுவிய தண்ணீர் மற்றக் கண்ணுக்குள் போகாமலிருக்க. இரசாயனக்காரன் இமைகளை விரலால் பிரித்துப் பிடிக்க, மற்றவர் குழாயை மெல்லத் திறந்துவிட்டார். அவன் உதைத்தான், அழுதான், தன் பாசையில் தாயைக் கூப்பிட்டான். அந்த ஒரு சொல் எங்களுக்கு விளங்கியது.

செவ் இறங்கி வந்தார். அம்புலன்ஸ் வேண்டாம், டக்சியில் கொண்டுபோங்கள், வீட்டில் நடந்ததென்று சொல்லுங்கள் என்றார். விசா இல்லாதவனுக்கும் அவசர சிகிச்சை உண்டு, டொக்டர்மார் பொலிசுக்குச் சொல்லமாட்டார்கள், பாதுகாப்புக் கண்ணாடி இலவசமாகத் தரவேண்டியது முதலாளியின் கடமை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டக்சியில்தான் போனோம். நுரைத் தகரத்தை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டோம்.

பஸ்தீலுக்குப் பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கிற கண் ஆஸ்பத்திரிக்குப் பெயர் 'கன்ஸ் வன்'. பதினைந்து இருபது என்று அர்த்தம், அதாவது முந்நூறு. (இந்த ஊரில் எண்பதுக்கு இன்றைக்கும் நாலு இருபது என்றுதான் சொல்கிறார்கள்.) 1260 அளவில் ஒன்பதாம் லூயி மன்னன் முந்நூறு குருட்டு ஏழைகள் தங்குவதற்காகக் கட்டியது. 1779 இல் இப்போதைய இடத்துக்கு மாறியது. காத்திருந்தபோது இதைச் சொன்னவர் பக்கத்திலிருந்த ஒரு கிழவி. கேளாமலே தன் கைக்குட்டையையும் பெடியனிடம் கொடுத்தா.

தகரத்தைக் காட்டி, வேலையிடத்தில் நடந்தது என்று சொன்னோம். அதைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்தது. டொக்டர் பாசிச்சாயத்தாள் போல ஒரு சிறு தாளைக் கண்ணோரத்தில் தொட்டுப் பார்த்தா. பிறகும் கழுவினார்கள். உடனே கழுவியதால்தான் கண் தப்பியது என்று சொன்னா.

மூன்று கிழமையால் திரும்பி வந்தான். கருவிழியோரம் மெல்லிய வெள்ளைத் தழும்பு ஒன்று இருக்கிறது, பார்வைக்குக் குறைவில்லை. கண்ணாடி இப்போது போறணைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கழுவும் முறையைக் கிழமைக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டோம். வெங்காயத்துக்கு அழுதுகொள்கிறோம்.

வந்த அன்று ஒரு பெட்டி இனிப்போடு வந்து, எங்கள் நாலு பேருடைய கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தத் தகரத்துக்குள் என்ன இருந்ததென்று எங்களுக்கு முதலே தெரியும் என்பதை நாங்கள் அவனுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறோம். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.