துணை நிற்கும் இசை

கச்சேரி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாவது ஒருவர் பெயரே. அவருக்கு இடமும் வலமும் அமர்ந்து வாசிப்போரின் பெயர்கள் அடியில் சிறிய எழுத்தில் நிற்கும். அவர்கள் வாசிப்பதைப் பக்கவாத்தியம் என்று நம் முன்னோர் அழைத்தனர். பக்கத்தில் இருந்து துணை செய்வதும் ஒரு கலை என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

இக்கலையைப் பற்றி நம்மை எண்ணத் தூண்டியது மேல்நாட்டு இசைக் குழு ஒன்று. ப்ளூஸ், ராக் இசையில் அரை நூற்றாண்டுப் புகழ் பெற்ற எரிக் கிளாப்டன் 2013ஆம் ஆண்டு இசைப் பயணம் மேற்கொண்டார். அப்போது அவருடைய குழுவில் பெடல் ஸ்டீல் கிதார் வாசித்தவர் கிரெக் லைஸ். கிளாப்டனோ கிதார் இசையில் உலகறிந்த வல்லுநர். அவர் மேடையில் இன்னொரு கிதாருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

விடை அக்கருவியின் இயல்பில் உள்ளது. ஸ்டீல் கிதார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. இதில் விரலால் தந்தியை மெட்டுகளின்மீது அழுத்துவதில்லை. மெருகேறிய உருக்குத் துண்டு ஒன்றைத் தந்திமேல் நகர்த்துவர். நம் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையை நகர்த்துவதும் இதே முறைதான். சுரத்தின் இடத்தை மெட்டு காட்டித் தராததால் செவியே வழிகாட்டி. பெடல் ஸ்டீலில் கால்மிதிகளும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும்; மற்றொரு மிதி ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும். எனவே, மீட்டிய ஓசையே தெரியாமல் ஒரு சுரம் மெல்ல எழுந்து, நீண்டு, அடுத்த சுரத்துக்குள் வழுக்கிச் செல்லும். சாதாரணக் கிதாரின் சுரமோ தெளிவாகப் பிறந்து விரைவில் தேயும். பாடுபவர் மூச்சு வாங்கும் வேளையிலும், முதன்மைக் கிதார் ஓயும் வேளையிலும் பாட்டு வெறுமையாகாமல் தாங்கி நிற்பதே ஸ்டீல் கிதாரின் தொண்டு.

இக்குடும்பத்தின் இந்தியக் கிளையையும் இங்கே நினைக்க வேண்டும். ஜெய்ப்பூரைச் சேர்ந்த விசுவ மோகன் பட், கிதாரை மாற்றியமைத்து மோகன வீணை ஆக்கியவர். 1992 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் அவரும் அமெரிக்கக் கலைஞர் ரை கூடரும் சேர்ந்து வாசித்தனர். ஒலிப்பதிவு நடந்த இடம், புனித அந்தோனியார் குருமடத்தின் கிறிஸ்து அரசர் சிற்றாலயம். அன்றுதான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தனர். 'எ மீட்டிங் பை த ரிவர்' என்ற அத்தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது. பட் 2004இல் டல்லாஸ் நகரில் கிளாப்டன் நடத்திய கிதார் விழாவிலும் வாசித்தார். சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றை அடுத்து வாழும் நாம், ஆற்றங்கரைச் சந்திப்பு என்று பொருள்படும் அத்தொகுப்பைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார். பிறகு, கேட்டதற்கு ஏற்ற விடை தருகிறார். விட்டுக்கொடுத்ததால் எவரும் சிறுத்துப்போகவில்லை.

இதை நாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் இளைஞன் ஒருவன் இரண்டு ஞாயிறுகளாகத் திருப்பலிக்கு வாசிக்க வரவில்லை. திருவிழாவன்று நன்றி கூறியவர்கள் பாடியோரை எல்லாம் பெயர் சொல்லிப் பாராட்டினர்; அவன் பெயரை எவரும் சொல்லவில்லை. தாழ்ச்சி வேண்டும் என்று அவனுக்கு அறிவுரை கூறுவது எளிது. ஆனால் தாழ்ச்சி என்பது வாசிப்பவன் தானே மனமுவந்து தருவது. கேட்பவர்கள் அவனிடம் வற்புறுத்திப் பெறுவதற்கு உரியதன்று.

ஆகவே இரு தரப்புக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. அவனிடம், "தம்பி, பாட்டின் இடைவெளிகளை நீ தாங்கியதால்தான் எல்லாரும் துணிந்து பாடினார்கள்; அந்த இடம் சிறிய இடமில்லை" என்று சொல்வோம். குழுவினரிடம், அடுத்த நன்றியுரையில் அவன் பெயரையும் சேர்த்துச் சொல்லுமாறு கேட்போம். கடந்த ஞாயிறு பாடலின் அடிகளுக்கு நடுவே எழுந்த வெறுமையை அவர்களும் கேட்டிருப்பார்கள். இவ்வாரம் அவன் வீட்டுக்குச் சென்று அழைத்து வருவதாக இருக்கிறோம்.