மன்னா என்றொரு ஃபுல்பேக்

விருத்தாசலம் என்றதும் வெளியூர் நண்பர்கள் பழமலைநாதர் கோயிலைச் சொல்வார்கள். இல்லையேல் ரயில் மாறுவதற்காகக் கொசுக்கடியோடு விடிய விடியக் காத்திருந்த ஜங்ஷனைச் சொல்வார்கள். எங்களுக்கு அவ்வூர் ஒரு வெள்ளைத் தூசி. பீங்கான் பட்டறைகளில் வேலை முடித்து வருபவர்களின் புருவத்திலும் காதுமடலிலும் படிந்திருக்கும் தூசி. அப்பா வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றடியில் அரைமணி நேரம் குளிப்பார். அப்படியும் அவருடைய தலையணை உறை மற்றவர்களுடையதைவிட வெளுத்தே இருக்கும். நாங்கள் மூவர்: இரண்டு ஆண், ஒரு பெண். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் அந்த மூவரே. (எழுதுபவன் நடுவிலுள்ளவன். மற்ற இருவரும் படித்து, சில இடங்களில் சண்டையிட்டு, திருத்திய பின்னரே இங்கே இடப்படுகிறது.)

அப்பா சூளைக்காரர். அவர் வேலை பார்த்த பட்டறையில் தேநீர்க் கோப்பைகளும், பொம்மைகளும், வீடுகளில் மின்சாரப் பெட்டிக்குள் செருகும் ஃபீஸ் கட்டைகளும் செய்தார்கள். ஆனால் வீட்டில் அவர் பேசியதெல்லாம் கால்பந்து பற்றியே. அதிலும் ஒரே ஒரு பெயர் பற்றி. "மன்னா, மன்னா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் தெருக்கூத்தில் மந்திரி ராஜாவை விளிப்பதாகவே சிறுவயதில் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அது ஓர் ஆளின் பெயர் என்றும், அந்த ஆள் கல்கத்தாவில் இடது ஃபுல்பேக்காக ஆடியவர் என்றும் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அப்பெயர் மணிமுத்தாற்றங்கரைக்கு வந்த வழி இது. அறுபதுகளின் இறுதியில் பட்டறைக்கு மெருகு பூசும் வேலையை மேற்பார்வையிட ஒரு வங்காளி வந்து சேர்ந்தார். தமிழ் வராது, பந்து வரும். மாலையில் ஆள் சேர்த்து, வறண்டு கிடந்த ஆற்று மணலில் ஆட வைத்தார். அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு இடப்பக்கம், கோல்கீப்பருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "நீ மன்னா" என்றாராம். எல்லோரும் கோல் போட ஓடிக்கொண்டிருக்க, ஓடாமல் நிற்கச் சொல்லப்பட்டதில் அப்பாவுக்கு முதலில் வருத்தம். பிறகு அந்த இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை.

சைலேன் மன்னாவைப் பற்றி இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1924 செப்டம்பர் 1 அன்று ஹவுராவில் பிறந்தவர். ஹவுரா யூனியனில் தொடங்கி, 1942இல் மோகன் பகானுக்கு வந்து, 1960 வரை வேறு எந்தக் குழுவுக்கும் போகாமல் 19 பருவங்கள் ஆடினார். அக்காலத்தில் பெரும்பாலான குழுக்கள் முன்னால் ஐவர், நடுவில் மூவர், பின்னால் இருவர் என்று நிற்கும். ஆக, கோல்கீப்பருக்கு முன்னால் இருப்பதே இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் சறுக்கினால் வலைக்கும் பந்துக்கும் நடுவே காற்றுதான். இன்று நால்வர், ஐவர் என்று பின்னால் குவிந்து நிற்கும் ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு அத்தனிமை புரிவது கடினம்.

1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது தலைவர் மன்னா. இந்தோனேஷியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதியில் ஈரானை 1-0. கவனியுங்கள், மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஆனால் அந்த இறுதியாட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் கோல் போட்ட மேவாலாலைத்தான் எழுதுவார்கள். நியாயம்தான், விழாத கோல்களை யார் எப்படி எழுதுவது?

விழாத இன்னொரு கோலை மட்டும் எல்லோரும் எழுதினார்கள். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக். கிழக்கு லண்டனின் ஓரத்தில் இல்ஃபோர்டு என்னும் ஊரின் சிறு மைதானத்தில் பிரான்சுக்கு எதிரான ஆட்டம். தலைவர் நாகா மலைகளிலிருந்து வந்த டாக்டர் தாலிமேரன் ஆவோ. சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட நிறையாத நாட்டின் குழு. பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. 2-1 என்று தோற்றார்கள், அதுவும் கடைசி நிமிடத்தில் வாங்கிய கோலில். கிடைத்த பெனால்டியை மன்னா கோலாக்கவில்லை. (அவருடைய கால் இரும்பால் ஆனதா என்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் தொட்டுப் பார்த்ததாக ஒரு கதை வங்காளத்தில் உண்டு. கதைதான். ஆனால் எங்கள் அப்பா அதைச் சொல்லும்போது லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கித் தம் காலையும் காட்டுவார்.)

அதன்பின் 1950 உலகக்கோப்பை. இந்தியா தகுதி பெற்றும் பிரேசிலுக்குப் போகவில்லை. வெறுங்காலோடு ஆட அனுமதி மறுக்கப்பட்டதே காரணம் என்னும் கதை இன்னும் உலவுகிறது. உலகக்கோப்பையின் அருமை அன்று நமக்குத் தெரியாது, ஒலிம்பிக்தான் எங்களுக்கு எல்லாம் என்ற பொருளில் மன்னாவே முதுமையில் சொல்லியிருக்கிறார். 1952இல் ஹெல்சிங்கியில் அவர் தலைமையில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். குளிர், ஈரப்புல், வெறுங்கால். பூட்ஸ் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். பத்து கோல் வாங்கிய அந்த மாலையில் ஒரு ஃபுல்பேக் எப்படித் திரும்பி நடந்திருப்பார் என்பதை அப்பா அடிக்கடி கேட்பார். எங்களிடமல்ல, பொதுவாக.

இல்ஃபோர்டிலிருந்து சில மைல் தூரத்தில் டேகன்ஹாம் என்ற ஊர். அங்கே பிறந்தவர் ஆல்ஃப் ராம்சே. மன்னாவைவிட நாலரை வயது மூத்தவர், இங்கிலாந்தின் வலது ஃபுல்பேக். மன்னா இல்ஃபோர்டில் பெனால்டியைத் தவறவிட்ட அதே 1948 டிசம்பரில்தான் ராம்சே முதன்முதலாக நாட்டுக்கு ஆடினார். அவரும் பெனால்டி அடிப்பவரே. 1953 அக்டோபரில் உலகப் பதினொருவருக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் பதறாமல் அடித்து 4-4 என்று சமன் செய்தார். அடுத்த மாதம் வெம்பிளியில் ஹங்கேரி வந்து 6-3 என்று இங்கிலாந்தைக் கிழித்துப்போட்டது. அன்றும் ராம்சே தம் பெனால்டியைக் கோலாக்கினார். என்ன பயன்? அதுவே அவர் நாட்டுக்கு ஆடிய கடைசி ஆட்டமாயிற்று. அடித்தவருக்கும் அதே கதிதான் என்று அப்பாவிடம் சொல்ல நினைத்ததுண்டு. ஆனால் ராம்சேவுக்குப் பிறகு ஒரு வாழ்வு இருந்தது: பயிற்சியாளராகி 1966இல் உலகக்கோப்பையை வென்று, 'சர்' பட்டமும் பெற்றார். இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் கூலிக்கு இருந்த உச்சவரம்பு 1961இல் நீங்கியது. அப்போது அது வாரத்துக்கு 20 பவுண்டு. அது போதாதென்றுதான் அங்கே போராடினார்கள். மன்னாவோ மோகன் பகானிடம் சம்பளம் என்று எதுவும் வாங்கியவரில்லை. அவருக்குச் சோறு போட்டது இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் உத்தியோகம்.

இந்தத் தகவலில்தான் அப்பா ஓர் உறவுமுறையையே கண்டுபிடித்தார். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பதை நாற்பதுகளில் துளையிட்டுப் பார்த்தது அதே துறை. சுரங்கம் தோண்டியபோது நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்ணும் வெளிவந்தது. "எங்க ஆபீசு காட்டிக் குடுத்த மண்ணுடா இது" என்பார், மன்னாவின் சகா என்ற உரிமையில்.

இனி சொல்ல வேண்டியது எங்கள் வீட்டு விஷயம்.

பீங்கான் சூளையில் சூடு 1,200 டிகிரிக்கு மேல் ஏறும். ஏற்றுவதைவிட இறக்குவதே கடினம். ஆறும்போது 573 டிகிரி என்று ஒரு கணவாய் இருக்கிறது. மண்ணில் கலந்த குவார்ட்ஸ் அவ்விடத்தில் சட்டென்று சுருங்கும். அங்கே மெதுவாக இறங்கினால் பிழைக்கும். குளிர்காற்று பட்டால் விண்ணென்று விரிசல் விடும். ஆகவே தீயை அணைத்தபின்னும் சூளைக்காரர் இரண்டு நாள் காத்திருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் சும்மா உட்கார்ந்து பீடி குடிப்பதுபோலத் தோன்றும். 1978இல், மழைக்காலத்து இரவொன்றில், எங்கள் அப்பாவின் சூளை நேரத்துக்கு முன்பே திறக்கப்பட்டது. வாசலில் லாரி நின்றிருந்தது. ஒரு சூளைச் சரக்கும் வெடித்துப் போயிற்று. விசாரணையில் அப்பா ஒரு தாளில் கையெழுத்திட்டார். சம்பளத்தில் பிடித்தம் முடிந்த மாதமே வேலையும் முடிந்தது. பிறகு ஜங்ஷன் சாலையில் சைக்கிள் கடை வைத்தார். ஆற்று மணலுக்கு அவர் மீண்டும் ஆடப் போகவில்லை.

எங்களில் மூத்தவனுக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் எங்களுக்கு 'வெடிச்ச சூளை' என்று பெயர் வைத்தார்கள். தங்கை வகுப்பில் சேர்ந்தபோதும் அப்பெயர் அவளுக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது. பதினோரு ஆண்டுகள் அவர் எத்தனை சூளை பழுதில்லாமல் இறக்கினார் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. நாங்களும் எண்ணவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஏன் திறந்தீர்கள் என்று ஒருமுறைகூட அவரிடம் கேட்டதில்லை. கேட்காமலே அவர் அவசரப்பட்டிருப்பார் என்று முடிவு செய்துவிட்டோம். மன்னா கதையை அவர் ஆரம்பித்தால் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போவோம். பெனால்டியைத் தவறவிட்டவனைப் போய் எதற்குக் கொண்டாட வேண்டும் என்று எங்களில் ஒருவன் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறான்.

2012 பிப்ரவரி 27 அன்று மன்னா காலமானார். 1971இல் பத்மஸ்ரீ, 2000இல் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் 'ஆயிரமாண்டின் ஆட்டக்காரர்' என்ற பட்டம் பெற்றவருக்கு அப்பா படித்த நாளிதழில் கிடைத்தது விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலை. அதை வெட்டி வைத்துக்கொண்டு, நாங்கள் மூவரும் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிறன்று, "அந்த இல்ஃபோர்டு ஆட்டத்தைப் பத்தி கம்ப்யூட்டர்ல என்னா போட்டிருக்குன்னு பாருங்க" என்றார். மடிக்கணினியை அவர் முன் வைத்துப் படித்துக் காட்டினோம். எங்களுக்கே புதிதான ஒன்று அதில் இருந்தது. அன்று இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரு பெனால்டி அல்ல, இரண்டு. ஒன்றைத் தவறவிட்டவர் மன்னா. மற்றொன்றைத் தவறவிட்டவர் சாரங்கபாணி ராமன், அன்று இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. வங்காளி சார் ஒன்றைத்தான் சொல்லியிருந்தார்.

"அப்ப ரெண்டு பேரா?"

"ஆமாம்ப்பா. ராமனும்."

"அவரு கோல் போட்டதால அதை விட்டுட்டாங்க."

மறுபடி மௌனம். தங்கை எழுந்து தேநீர் போடப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். அதனால் அவளுக்கு நாங்கள்தான் பிறகு சொல்ல வேண்டியிருந்தது.

"அன்னைக்கு ராத்திரி சூளையாண்டையும் ரெண்டு பேர்தான்டா. தொறக்கச் சொன்னது ஒருத்தர். கதவை இழுத்தது நான். இன்னும் ஒருநா ஆவணும்னு எனக்குத் தெரியும். சொன்னேன். ஒரு தடவ சொன்னேன். ரெண்டாந்தடவ சொல்லல."

சொன்னவர் யார் என்று மூத்தவன் கேட்க வாயெடுத்தான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கும் பிள்ளை குட்டிகள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள் என்றார். அந்தப் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் இறந்தபோது துக்கம் கேட்க வந்த பழைய பட்டறை ஆட்களின் முகத்தையெல்லாம் நாங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஞாயிறு திரையில் 1948 குழுவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வந்தது. முகங்களைக் காட்டி, இவர் மன்னாவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

"மூஞ்சி கெடக்கட்டும். காலைப் பெருசாக்கிக் காட்டு" என்றார்.