ஆளில்லா வானூர்தியும் செப்பு வழாநிலையும்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிச் சீமையில் காற்று தனியாட்சி நடத்தத் தொடங்கிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்றே குற்றாலத்திற்குச் சாரலையும் அருவிகளுக்கு நீரையும் அளிக்கின்றது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாயிலில் ஒருமுறை நின்றோர் அதன் வன்மையை மறவார். இத்தகைய காற்றிலே, நான்கு சுழல் இறக்கைகள் பூட்டிய சிறு பொறியொன்றை அந்தரத்தில் அசையாது நிறுத்திவிட வேண்டுமென்று நம் மாணவச் செல்வங்கள் சிலர் முனைந்தனர். நாமும் உடனிருந்தோம். தமிழ்த் துறையாருக்கு அங்கு என்ன வேலை என்று பெரியோர்கள் வினவுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை கூறவே இக்கட்டுரை வரைகின்றோம்.

'டிரோன்' என்று இளைஞர் வழங்கும் இவ்வூர்தியின் நடுவே தீப்பெட்டியளவான மின்பலகை ஒன்று உண்டு. அதனைப் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை எனலாம். ஊர்தி எப்பக்கம் சாய்கின்றது என்பதை உணரி வழியே நொடிக்குச் சில ஆயிரம் முறை அறிந்து, எந்த மோட்டார் எவ்வளவு விரைந்து சுழல வேண்டும் என ஆணையிடுவது அதன் பணி. அப்பலகைக்கு ஊர்தியின் அமைப்பையும் ஓட்டுபவரின் விருப்பத்தையும் அறிவிக்கக் கணிப்பொறியில் தனியாக ஓர் அமைப்பு மென்பொருள் வேண்டும். நாம் பேசப்போவது அம்மென்பொருளைப் பற்றியே.

இதன் வரலாறு சுவையானது. 2010ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் துபுசு என்னும் பிரெஞ்சுக்காரர், நிண்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' விளையாட்டுக் கருவியிலிருந்த உணரியைக் கொண்டு 'மல்டிவீ' என்னும் நிரலை ஆக்கினார். விளையாட்டுப் பொருளிலிருந்து பிறந்த அவ்விதை பேஸ்பிளைட், கிளீன்பிளைட், பீட்டாபிளைட், ஐநாவ் எனக் கிளைத்தது. இவையெல்லாம் ஊதியம் கருதாத ஆர்வலர் கூடி ஆக்கி, யாவர்க்கும் இலவசமாக வழங்கியவை. அந்தப் பெருந்தன்மையைப் போற்றாமல் குறைகூறப் புகுவது முறையன்று. ஆயினும், பலர் கைபட்டு வளர்ந்த பொருளுக்கு ஒரு தன்மை உண்டு. சீசன் காலத்துக் குற்றாலக் கடைத்தெருவைப் போல, வந்தவரெல்லாம் இருந்த இடத்தில் ஒரு பலகையை இட்டுக் கடை விரித்துவிடுவர். எந்தக் கடை எங்கே என்பது நெடுநாள் பழகியவருக்கே தெரியும்.

நம் மாணவர் பயன்படுத்திய மென்பொருளின் பெயரை ஈண்டுச் சுட்டவில்லை. எல்லாவற்றையும் பூட்டி முடித்தபின்னும் மோட்டார் சுழலவில்லை. 'ஏன் பறக்க மறுக்கின்றாய்?' என்பதே மாணவரின் வினா. திரையில் வந்த விடையோ மூன்று ஆங்கில எழுத்துகள். அவற்றின் பொருளைத் தேடி ஒரு பிற்பகல் முழுதும் கழிந்தது. கணிப்பொறியோடு கம்பியால் இணைந்திருக்கும் வரை ஊர்தி புறப்படாது என்பதே அதன் கருத்து. எத்துணை நல்ல பாதுகாப்பு ஏற்பாடு! விசைக்கோல் அடிமட்டத்தில் இல்லாவிடினும், ஊர்தி சாய்ந்து கிடந்தாலும், வானலைத் தொடர்பு அற்றிருந்தாலும் அது புறப்பட மறுக்கும். ஒவ்வொரு மறுப்புக்கும் தக்க காரணம் இருக்கின்றது. ஆனால் அக்காரணம் கேட்டவனைச் சென்றடையவில்லை.

இலக்கணம் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் திணை, பால், இடம், காலம் ஆகியவற்றின் வழுக்களோடு செப்பு, வினா, மரபு ஆகியவற்றின் வழுக்களையும் விலக்குகின்றது. செப்பாவது விடை. வினாவுக்கு எதிர்வினாவே விடையாக வருவதையும் தொல்காப்பியர் ஏற்பார். ஆனால் கேட்டவன் கருதிய பொருள் அதனால் விளங்க வேண்டும். மூன்றெழுத்தைக் காட்டிவிட்டு வாய் மூடிக்கொள்ளும் மென்பொருள் செப்பு வழுவுடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. 'கம்பியைக் கழற்றுக, பிறகு புறப்படலாம்' என்று கூறியிருந்தால் ஒரு பிற்பகல் மிஞ்சியிருக்கும்.

பிற்பகலோடு போவதாயின் இதனை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டோம். மோட்டாரைச் சோதிக்கும் பக்கத்தில், இறக்கைகளைக் கழற்றிவிட்டேன், இடரை அறிவேன் என்று ஒப்புக்கொண்டாலன்றிச் சுழற்ற இயலாது. ஒப்புதல் வாசகம் ஆங்கிலத்தில் இருந்தது. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும், பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவன் ஒருவன், கைப்பேசியில் எத்தனையோ 'சம்மதம்' பொத்தான்களை அழுத்திப் பழகியதுபோல் இதனையும் அழுத்திவிட்டான். இறக்கைகள் பூட்டியபடியே இருந்தன. ஆள்காட்டி விரலில் தையல் போட வேண்டியதாயிற்று. அவனைக் கவனமற்றவன் என்று சிலர் கடிந்தனர். நாம் அதற்கு உடன்படவில்லை. பொருள் விளங்காத மொழியில் பெறும் சம்மதம் சம்மதமாகுமா? இறக்கை கழற்றிய ஊர்தியின் படம் ஒன்றை அவ்விடத்தில் பெரிதாக இட்டிருந்தால், எழுத்தே தேவையில்லை.

படத்தின் ஆற்றலை இதே வகை மென்பொருள்கள் வேறிடத்தில் நன்கு உணர்ந்துள்ளன. ஊர்தியைக் கையில் எடுத்து இடப்பக்கம் சாய்த்தால், திரையில் உள்ள ஊர்தியின் உருவும் இடப்பக்கம் சாயும். பலகையைத் திசைமாற்றிப் பொருத்தியிருந்தால் அந்த உருவம் வேறுபக்கம் சாய்ந்து, பிழையைக் கணத்தில் காட்டிக் கொடுத்துவிடும். இதனைக் கண்ட நம் அலுவலக உதவியாளர், எவரும் விளக்காமலேயே, 'பலகை திரும்பியிருக்கு தம்பி' என்றார். இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நிலைப்படுத்தும் கணக்கைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1922இல் நிக்கோலாசு மினோர்சுகி என்னும் அறிஞர், கப்பல் சுக்கானைத் திருப்பும் மாலுமிகளைக் கூர்ந்து நோக்கினார். தேர்ந்த மாலுமி கப்பல் இப்பொழுது எவ்வளவு விலகியுள்ளது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. நெடுநேரமாகச் சேர்ந்துவந்த விலகலையும், விலகல் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதையும் சேர்த்தே எடைபோடுகின்றான். இம்மூன்றின் கணக்குத்தான் நூறாண்டு கடந்து இன்று ஊர்தியின் பலகையில் ஓடுகின்றது. அமைப்பு மென்பொருளோ இதனைப் பி, ஐ, டி என்ற எழுத்துகளும் அவற்றின் எதிரே எண்களுமாக அடுக்கி வைத்தது. அண்மைக் காலத்துப் பீட்டாபிளைட்டில் எண்களுக்குப் பதிலாக இழுத்து நகர்த்தும் கோல்கள் வந்தன. 2022இல் வெளிவந்த 4.3ஆம் பதிப்பு, பிறர் பறந்து தேர்ந்த அமைப்புகளை அப்படியே எடுத்தாளும் வசதியையும் தந்தது. நல்ல மாற்றங்களே. எனினும் எவரோ ஏதோ ஓர் ஊரில் தேர்ந்த அமைப்பு ஆனிக் காற்றுக்கு ஒத்துவரும் என்று சொல்வதற்கில்லை. காற்றழுத்த உணரியின்மேல் சிறு பஞ்சுத்துண்டு வைத்து மூடாவிட்டால், வீசும் காற்றையே உயர மாற்றமாகக் கருதி ஊர்தி ஏறி இறங்கும். இதையும் அம்மென்பொருள் ஒருவரிக் குறிப்பாகச் சொல்லலாம் அல்லவா?

இனிச் சொல்லாக்கம். மோட்டாரை இயக்கத்துக்கு ஆயத்தமாக்குவதை ஆங்கிலத்தில் 'ஆர்ம்' என்பர். மாணவன் ஒருவன் அதனை மொழிபெயர்ப்புப் பொறியில் இட்டபோது 'கை' என்று வந்தது! துறையில் நெடுநேரம் வாதிட்டோம். 'ஆயத்தம்' என்றோம் நாம். மாணவர்களோ தங்களுக்குள் முன்பே 'லாக் எடுத்தாச்சா?' என்று வழங்கி வந்தனர். ஆகவே 'பூட்டுத் திற' என்பதே நின்றது. தொடர்பு அறுந்தால் ஊர்தி என்ன செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கும் 'பெயில்சேப்' என்னும் சொல் இன்னும் முக்கியமானது. முன்னமைப்பில் மோட்டாரை நிறுத்தி விழச்செய்வதும் உண்டு. ஆளில்லாப் பொட்டலில் அது பொருந்தும். ஐந்தருவிச் சாலையில் மக்கள் நெருங்கி நடக்கும்போது பொருந்துமா? அத்தகைய இடத்தில் பறக்கவிடுவதே தகாது என்பது வேறு செய்தி. அச்சொல்லைத் 'தொடர்பு அறுந்தால்' என்று எழுதினோம். அடுத்து என்ன என்ற வினா படிப்பவர் உள்ளத்தில் தானே எழும்.

2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், 250 கிராமுக்கு மேற்படாத சிறு ஊர்திக்கு ஓட்டுநர் சான்று வேண்டாமென்கின்றன. தமிழக அரசும் 2022இல் ஆளில்லா வானூர்திக் கழகம் ஒன்றைத் தொடங்கியுள்ளது. வயலில் மருந்து தெளிக்கும் ஊர்திகள் நம் சிற்றூர்களுக்கு வந்துவிட்டன. அவற்றை ஓட்டப்போகிறவர்கள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே. அதிராம்பட்டினத்து உமர்தம்பி அவர்கள் தேனீ எழுத்துருவை ஆக்கி, 2006இல் மறையும்வரை தமிழ்க் கணிமைக்கு உழைத்தவர். அருகிலுள்ள மத்தளம்பாறையிலேயே சோகோ நிறுவனத்தார் உலகுக்கு மென்பொருள் எழுதுகின்றனர். ஆதலின் இது நம்மால் ஆகாத செயலன்று. பீட்டாபிளைட் போன்றவற்றில் திரையில் தோன்றும் தொடர்களெல்லாம் தனிக்கோப்பு ஒன்றில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. நிரல் அறியாதாரும் அவற்றைத் தமிழாக்கலாம்.

வியாழன்தோறும் மாலையில் துறை நூலகத்தில் அப்பணி நடைபெற்று வருகின்றது. தையல் பிரித்த விரலோடு அந்த மாணவனே தட்டச்சு செய்கின்றான். இறக்கை எச்சரிக்கையை முதலில் முடித்தவனும் அவனே. இவ்வாரத்து வழக்கு 'திராட்டில்' பற்றியது. 'விசைக்கோல்' என்று நாம் எழுதினோம். 'ஆக்சிலேட்டர்' என்றால்தான் எங்கள் ஊரில் புரியும் என்கின்றான் அவன்.