பனிக்குள் ஒரு பச்சைத் திடல்

எட்மண்டன் விமான நிலையத்தில் சித்தப்பா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "காது மூடுற தொப்பி கொண்டு வந்தியா, பாப்பா?" வெளியே மைனஸ் 24 டிகிரி. மூச்சு இழுத்தால் மூக்குக்குள் ஏதோ முறுகுகிறது. கார்களின் முன்பக்கத்திலிருந்து மின்வயர் தொங்குவதைப் பார்த்து, எல்லாமே மின்சாரக் கார் போல என்று நினைத்துவிட்டேன். இல்லையாம். இன்ஜின் உறையாமல் இருக்க இரவு முழுக்கச் சுவரில் செருகி வைக்கிறார்கள். நாம் கைப்பேசிக்குச் செய்வதை இவர்கள் காருக்குச் செய்கிறார்கள்.

டிசம்பரில் இங்கே காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது. மாலை நாலேகாலுக்கு ஆளைக் காணோம். மறுநாள் சித்தப்பா என்னை நார்த் சஸ்காச்சுவான் ஆற்றோரம் இருக்கும் விக்டோரியா கோல்ப் திடலுக்கு அழைத்துப் போனார். கொடியும் இல்லை, குழியும் இல்லை. காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மா பனியில் சறுக்கிக்கொண்டு போனார். "ஏப்ரல் கடைசி, மே ஆகணும், புல்லைப் பார்க்க" என்றார் சித்தப்பா.

அதுவரை கோல்ப் பைத்தியங்கள் என்ன செய்வார்கள்? பதில் அவர் வீட்டுக் கராஜில் இருந்தது. "என் கார் வெளியில விறைக்குது, அவரு பந்து உள்ளே குளிர் காயுது" என்பது சித்தியின் நிரந்தரக் குறை.

உள்ளே ஒரு சுவர் முழுக்கத் தடித்த வெள்ளைத் திரை. சித்தப்பா வெல்டர்; திரையின் இரும்புச் சட்டத்தை அவரே ஒட்டியிருக்கிறார். மேலே புரொஜெக்டர், தரையில் பச்சை விரிப்பு, பந்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதிலுள்ள கேமரா, அடிபட்ட நொடியில் பந்தின் வேகம், எழும்பும் கோணம், சுழற்சி மூன்றையும் பிடித்துவிடும். பந்து பறப்பது மூன்று மீட்டர்தான். மிச்ச நூறு, நூற்றைம்பது மீட்டரும் கணினி போடும் கணக்கு. ரேடார் வகைக் கருவியும் உண்டு. ஆனால் பந்து கொஞ்ச தூரம் பறப்பதை அது பார்க்க வேண்டும், கராஜ் போதாது. முதலில் நிலவறையில்தான் வைத்திருக்கிறார். மட்டையை ஓங்க ஒன்பது, பத்தடி உயரமாவது வேண்டும். அங்கே ஏழரை அடி. கூரையில் விழுந்த ஓட்டையை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சித்தி காட்டுகிறார்.

திரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் வரும், பெபிள் பீச் வரும். குருவிச் சத்தமும் உண்டு. வானொலிக்காரி காது சும்மா இருக்குமா? "சித்தப்பா, இந்தக் குருவி மூணு தடவை ஒரே மாதிரி கத்திடுச்சு." நாங்கள் நாடகத்துக்குப் போடும் அதே வித்தை. பந்து திரையில் படும் 'தொப்' மட்டும் நிஜம்.

சிரித்தாலும் இது விளையாட்டு மட்டுமில்லை. போன ஜூனில் அவருக்குப் பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வலக்கைப் பழக்கமுள்ள கோல்ப்காரருக்கு மட்டையை முன்னின்று இழுப்பது இடது கைதான். சிகிச்சையாளர் தந்த ரப்பர் பந்தை அமுக்க அலுத்துக்கொண்டவர், இங்கே தினமும் நாற்பது பந்து அடிக்கிறார். சுவர் நாள்காட்டியில் 7-ஆம் எண் இரும்பு மட்டையின் தூரம் எழுதியிருக்கிறது. அக்டோபரில் 35 மீட்டர். நான் போன வாரம் 82. நோய்க்கு முன் 130 அடிப்பாராம். வெள்ளிக்கிழமைக் கூட்டாளிகள் மூவர் அவர் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்க்காமல் மே மாதத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டி சொல்வதை அவர் முழுசாக நம்புவதில்லை. பந்துக்குப் பின்னால் தரையில் இடித்தாலும் விரிப்பில் மட்டை வழுக்கிப்போய் நல்ல அடி போலவே காட்டும். நிஜப் புல்லில் மண்ணோடு நின்றுவிடும். குழிக்குள் தள்ளும் அடியும் இங்கே சரிப்படாது, சரிவு காலுக்குத் தெரிவதில்லையே. என் கவலையும் அந்தக் கால்தான். கராஜ் சமதரை. மே மாதத்தில் ஆற்றோர மேடு பள்ளத்தில் நடக்க வேண்டும். அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் இரவு, பட்டியலில் உள்ள திடல்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம திடல் இல்ல" என்றார். பேராக்கில் தாத்தா புல் வெட்டிய கிளப். பன்னிரண்டு வயதில் சித்தப்பா அங்கே துரைமார்களுக்குப் பை தூக்கினார். 18 குழிக்கு ஒன்றரை வெள்ளி. ஈயக்குட்டையில் விழுந்த பந்துகளைத் தாத்தா சாயங்காலம் முங்கி எடுத்து விற்பாராம். "அத்தனை வருஷம் சுத்தினேன். ஒரு பந்து அடிச்சதில்ல, பாப்பா."

ஒன்றுமில்லாத வெறும் பயிற்சிப் புல்வெளியைத் திரையில் போட்டார். "அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். வலப்பக்கம் குட்டை. நாலாவது குழி. நீதான் கேடி, எதை எடுக்கலாம், சொல்லு."

எனக்கு என்ன தெரியும்? 7-ஐ நீட்டினேன். கால்களை மெதுவாக ஊன்றி நின்றார். தொப். 91 என்று காட்டியது. நான் கைதட்டினேன். அவர் திரையின் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டையில விழுந்திடுச்சு" என்றார். "பரவால்ல, அப்பா எடுத்துக்குவாரு. இன்னொண்ணு வை."

வாளியிலிருந்து ஒரு பந்தை எடுத்து விரிப்பில் வைத்தேன்.